கை பேசும் படங்கள்

தபால் நிலையத்தில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். கேமரா நிற்பது அவற்றுக்குப் பின்னால், ஊழியர்கள் கடிதங்களைப் போட்டுவைக்கும் பக்கத்தில். ஒரு பெட்டியின் கதவை எதிர்ப்பக்கமிருந்து யாரோ திறக்கிறார்கள். கையுறை போட்ட ஒரு பெண்ணின் கை உள்ளே வருகிறது. பெட்டி காலி என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கைக்கு இன்னும் தெரியவில்லை. துழாவிப் பார்க்கிறது. ஒன்றும் தட்டுப்படாமல் போன பிறகும் விலக மனமில்லாமல் தயங்குகிறது. கை போனதும் அதே சதுரத்தில் அவள் முகம் வந்து எட்டிப் பார்க்கிறது. அழுகை இல்லை, வசனம் இல்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் அவள் நோயாளியாகிவிட்டாள் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கி 1940 ஜனவரியில் வெளிவந்த ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ படத்தில் வரும் காட்சி இது. அந்தக் கை மார்கரெட் சல்லவனுடையது. சில விநாடிகளில் முடிந்துவிடுகிற காட்சிதான். எத்தனை முறை பார்த்தாலும் அதைத் தாண்டி அடுத்த காட்சிக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. பின்னால் ஓட்டி மறுபடியும் பார்ப்பேன்.

பழைய ஹாலிவுட் என்றதும் ‘பென்ஹர்’ தேரோட்டமும், ‘டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ படத்தில் கடல் பிளப்பதும்தான் பேச்சில் வரும். அவை பெரிய காரியங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கலைஞர்களின் மேதைமை எனக்குப் பிடிபட்ட இடம் வேறு. உணர்ச்சி உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் முகத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, முழுப் பொறுப்பையும் ஒரு கையிடம் ஒப்படைக்கிற துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. லட்சக்கணக்கில் சம்பளம் கொடுத்து நடிகையைக் கொண்டுவந்து, அவள் முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டுவது லேசான முடிவு இல்லை. கார்ட்டூன் படங்களில் இந்த அழகு இரட்டிப்பாகிறது. திரையில் தெரியும் கை ஒன்று. அதை வரைந்த கை இன்னொன்று.

முதலில் லூபிட்ச்சின் கடையை முடித்துவிடுகிறேன். கதை புடாபெஸ்ட் நகரத்தில், மட்டுஷெக் என்பவருடைய கடையில் நடக்கிறது. மூத்த விற்பனையாளன் க்ராலிக்காக ஜேம்ஸ் ஸ்டூவர்ட். புதிதாக வேலைக்குச் சேர்ந்த க்ளாராவாகச் சல்லவன். இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. அதே இருவர்தான் ஆள் தெரியாமல், பெயர் தெரியாமல், கடிதம் வழியே காதலித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஒரு மாலை கஃபே ஒன்றில் சந்திப்பதாக ஏற்பாடு. அடையாளத்துக்கு ‘அன்னா கரீனினா’ நாவல், அதற்குள் ஒரு கார்னேஷன் பூ. அன்றைக்குப் பார்த்து க்ராலிக்குக்கு வேலை போய்விடுகிறது. உள்ளே போகத் தைரியமில்லாமல் வெளியே நின்றுகொண்டு, கடையில் உடன் வேலைபார்க்கும் நண்பர் பிரோவிச்சை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்கிறான். பிரோவிச் தயங்கித் தயங்கிச் சொல்லச் சொல்ல, உள்ளே காத்திருப்பது யார் என்று அவனுக்கு விளங்குகிறது. பிறகு உள்ளே போகிறான். தான்தான் அந்தக் கடிதக்காரன் என்று மட்டும் சொல்லவில்லை. வழக்கம்போலச் சண்டை மூள்கிறது. அவள் அவன் மனம் நோகப் பேசிவிடுகிறாள். அதற்குப் பிறகு வருகிறது அந்தத் தபால் பெட்டி.

இப்போது கேமரா நின்ற இடத்துக்குத் திரும்பிப் போவோம். பெட்டிக்குப் பின்னால் நிற்கிறோம் என்றால், கடிதம் வந்து சேர வேண்டிய பக்கத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம். எழுத வேண்டியவன் யார், ஏன் எழுதவில்லை என்பது நமக்குத் தெரியும். அவள் கை நம்மை நோக்கித்தான் நீள்கிறது. கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை. கேமராவை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தால் நாம் வேடிக்கை பார்ப்பவர்களாக இருந்திருப்போம். இந்தப் பக்கம் வைத்ததால், கடிதம் போடாத குற்றத்தில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. கேமராவை எங்கே நிறுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை.

அந்தக் கையுறையையும் விட்டுவிடக் கூடாது. வெளியே கிளம்பும் பெண் கையுறை போடுவது அந்த ஊரில், அந்தக் காலத்தில் சாதாரண வழக்கம். ஆனால் துழாவுகிற கைக்கு அதுவே ஒரு தடை. துணிக்குள் இருக்கும் விரல்களுக்குத் தொட்டது காகிதமா தகரமா என்று சட்டென்று தெரியாது. அதனால்தான் அந்தத் தேடல் ஒரு கணம் நீள்கிறது, அந்த ஒரு கணத்தில் நம்பிக்கையும் நீள்கிறது. வெறுங்கையாக இருந்திருந்தால் காட்சி பாதியிலேயே முடிந்திருக்கும்.

லூபிட்ச் பெர்லின்காரர். தந்தை தையற்காரர். இளவயதில் தந்தையின் கடையில் வேலை செய்தவர். கடைச் சிப்பந்தியின் பயங்கள் அவருக்கு ஏட்டுப் படிப்பு அல்ல. முதலாளி ‘மனதில் பட்டதைச் சொல்லுங்கள்’ என்று கருத்துக் கேட்கும்போதெல்லாம் பிரோவிச் அந்த இடத்தைவிட்டு நழுவிவிடுவார். மாடிப்படியில் மேலே ஏறி மறையும் அந்தக் கால்களை மட்டும் பார்த்தாலே அந்தக் கடையின் நிர்வாகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

தேடும் கை என்றால் சாப்ளினைச் சொல்லாமல் நகர முடியாது. ‘சிட்டி லைட்ஸ்’ 1931 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பேசும் படம் வந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் தானே இசை அமைத்து, வசனம் இல்லாமல் படம் எடுத்தார். கதையின் ஆணிவேர் ஒரு தவறான அடையாளம். கண் தெரியாத பூக்காரி ஒருத்தி, கந்தல் கோட்டுப் போட்ட நாடோடியைப் பணக்காரன் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பார்வையில்லாதவள் ஓசையால்தான் ஏமாற முடியும். ஓசையில்லாத படத்தில் அதை எப்படிக் காட்டுவது?

சாப்ளின் இதற்குப் பட்ட பாடு கின்னஸ் புத்தகம் வரை போனது: 342 டேக். கடைசியில் கிடைத்த விடை, பார்த்தால் எவ்வளவு எளிது! தெருவில் வண்டி நெரிசல். நாடோடி அதைக் கடக்க, நிற்கும் ஒரு பெரிய காருக்குள் ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்குகிறான். கார்க் கதவு சாத்தப்படுகிறது. பூக்காரியின் தலை திரும்புகிறது. சீமான் ஒருவர் இறங்கியிருக்கிறார் என்று நினைத்துப் பூவை நீட்டுகிறாள். அவன் கை பட்டுப் பூ கீழே விழுகிறது. அவன் குனிந்து எடுத்துவிடுகிறான். அவள் கையோ தரையைத் தடவித் தேடிக்கொண்டே இருக்கிறது. எடுத்தாயிற்றே, ஏன் இன்னும் தேடுகிறாள் என்று முதலில் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல். பூவை அவள் முகத்துக்கு நேரே காட்டுகிறான். அப்போதுதான் அவனுக்கு விஷயம் உறைக்கிறது. அவள் பார்வையற்றவள் என்பதை அவனுக்குச் சொன்னது அவள் கண் இல்லை, தரையில் தேடிய கை.

இந்தக் கையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் கடைசிக் காட்சியின் அருமை தெரியும். அவன் எப்படியோ பணம் புரட்டிக் கொடுத்து, அதற்காகச் சிறை போய்த் திரும்பியிருக்கிறான். அவளுக்குப் பார்வை வந்துவிட்டது. சொந்தமாகப் பூக்கடை வைத்திருக்கிறாள். தனக்கு உதவிய சீமான் என்றாவது வருவார் என்று காத்திருக்கிறாள். கடை வாசலில் பையன்கள் சீண்டிச் சிரிக்கும் ஒரு கந்தல் மனிதனைப் பார்த்து அவளும் சிரிக்கிறாள். இரக்கப்பட்டு ஒரு பூவும் ஒரு காசும் கொடுக்க வெளியே வருகிறாள். அவன் நழுவப் பார்க்கிறான். பூவை மட்டும் எட்டி வாங்கிக்கொள்கிறான். காசை வைப்பதற்காக அவள் அவன் கையைப் பிடிக்கிறாள்.

அங்கே நிற்கிறது படம். பிடித்த விரல்கள் இலேசாக அழுத்துகின்றன. தடவுகின்றன. பார்வை வந்த பிறகு அவள் மறந்திருந்த ஒரு வேலையை விரல்கள் மறக்கவில்லை. கை அவன் கோட்டு வரை ஏறுகிறது, தோள் வரை போகிறது. கண்ணால் பார்த்துச் சிரித்தவள் கையால் தொட்டதும் சிரிப்பை நிறுத்துகிறாள். நல்ல கண் இருந்தும் அடையாளம் தெரியாதவனை, கண் இல்லாத காலத்துக் கை அடையாளம் சொல்லிக்கொடுக்கிறது. அதற்குப் பிறகு வரும் சாப்ளினின் முகத்தை உலகம் முழுக்கக் கொண்டாடியாயிற்று; பூத்தண்டைப் பிடித்தபடி விரலை வாயோரம் வைத்துக்கொண்டு, வெட்கமும் பயமும் ஆசையும் கலந்து அவன் சிரிக்கிற சிரிப்பு அது. எல்லாப் புகழும் அதற்குத் தகும். ஆனால் அந்த முகத்துக்கு வழி திறந்துவிட்டது அந்தப் பெண்ணின் கை. பூக்காரியாக நடித்த வர்ஜினியா ஷெரில் பெரிய நடிகை இல்லை என்று சாப்ளினே சலித்துக்கொண்டவர். நடுவில் அவரை நீக்கிவிட்டு வேறொருவரை வைத்து இந்தக் காட்சியைச் சோதித்தும் பார்த்தார். கடைசியில் ஷெரிலையே திரும்ப அழைத்தார். அந்தக் கையைப் பார்த்தால், அழைத்தது சரி என்று நானும் கையெழுத்துப் போடுவேன்.

‘கசாபிளாங்கா’வில் ஒரு சின்ன விஷயம், சொல்லிவிட்டுப் போகிறேன். மதுக்கூடத்தில் பியானோ வாசிக்கும் சாமாக நடித்த டூலி வில்சன் உண்மையில் டிரம் வாசிப்பவர். பியானோ அவருக்கு வராது. கேமராவுக்கு வெளியே வேறொருவர் வாசிக்க, இவர் விரல்களை அசைத்தார். தெரிந்துகொண்டு பார்த்தாலும் ரசனை குறைவதில்லை. இங்க்ரிட் பெர்க்மன் பழைய பாட்டைக் கேட்கும்போது, வேண்டாம் அம்மா என்று அந்தக் கைகள் காட்டும் தயக்கம் முழுக்க வில்சனுடையது. வாசிப்பு இரவல், தயக்கம் சொந்தம்.

இனி யானைக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

டிஸ்னியின் ‘டம்போ’ 1941 அக்டோபரில் வெளிவந்தது. நீளம் 64 நிமிடம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘பினோக்கியோ’வுக்கும் ‘ஃபேன்டசியா’வுக்கும் தலா இருபது லட்சம் டாலருக்கு மேல் செலவாகியிருந்தது, போரினால் ஐரோப்பியச் சந்தை மூடிக்கொள்ள, போட்ட பணம் திரும்பவில்லை. அதனால் ‘டம்போ’வைச் சிக்கனமாக, பத்து லட்சம் டாலருக்கும் குறைவாக முடித்தார்கள். பின்னணிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார்கள். நுணுக்கமான அலங்காரங்கள் குறைந்தன. அந்தச் சிக்கனமே இந்தப் படத்துக்கு வரமாக அமைந்தது என்பது என் தீர்மானமான எண்ணம். கவனத்தைக் கலைக்கப் பின்னால் ஒன்றும் இல்லாதபோது, வரைந்த உருவத்தின் ஒவ்வோர் அசைவும் தனியாக எடுத்து வைத்ததுபோலத் தெரிகிறது.

டம்போ சர்க்கஸில் பிறந்த குட்டி யானை. காது பெரிது. படம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. தாய்க்கும் ஒரே ஒரு தடவைதான் பேச்சு, அதுவும் பிள்ளையின் பெயரைச் சொல்ல. காதைப் பிடித்து இழுத்துக் கேலி செய்த பையனைத் தாய் யானை தும்பிக்கையால் வளைத்துப் பிடித்து அடித்துவிடுகிறது. வெறி பிடித்த யானை என்று பலகை மாட்டிக் கம்பிவண்டியில் பூட்டிவைத்துவிடுகிறார்கள். குட்டியைக் கோமாளிக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஓர் இரவு, டிமத்தி என்கிற சுண்டெலி குட்டியைத் தாயிடம் அழைத்துப் போகிறது.

இங்கே வரைந்தவர்கள் எடுத்த முதல் முடிவைக் கவனியுங்கள். தாயின் காலில் சங்கிலி. ஜன்னல் உயரத்தில். எவ்வளவு முயன்றாலும் அவளால் ஜன்னலுக்கு முகத்தைக் கொண்டுவர முடியாது. குட்டிக்குத் தாயின் முகம் கிடைக்கப் போவதில்லை. கம்பி இடுக்கு வழியே தும்பிக்கை மட்டும் வெளியே வருகிறது. கண் தெரியாத பூக்காரியின் கை தரையில் தேடியதே, அதே தேடல். இருட்டில் வளைந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காற்றைத் தடவி, கடைசியில் குட்டியின் தும்பிக்கையைக் கண்டுகொள்கிறது. கண்டுகொண்ட மாத்திரத்தில் அதன் அசைவு மாறுகிறது. அதுவரை தேடலில் பதற்றம் இருந்தது. தொட்டதும் அது நிதானமாகிவிடுகிறது. தேடுவது, தேறுவது, தடவுவது, தூக்குவது என்று நான்கு விதமான அசைவு அந்த ஒரு தும்பிக்கைக்கு. நான்கிலும் வேகம் வேறு, பாரம் வேறு. பிறகு அது வளைந்து தொட்டிலாகிறது. குட்டி அதில் ஏறி உட்கார, தாய் ஆட்டுகிறாள்.

பின்னணியில் ‘பேபி மைன்’ தாலாட்டு. இசை ஃபிராங்க் சர்ச்சில், வரிகள் நெட் வாஷிங்டன், பாடியவர் பெட்டி நாய்ஸ். பாட்டு நடக்கும்போது படம் நடுநடுவே வேறு விலங்குகளிடம் போய் வருகிறது. புலி தன் குட்டியோடு, குரங்கு தன் குட்டியோடு, நீருக்கடியில் நீர்யானை தன் குட்டியோடு தூங்குகின்றன. எல்லாத் தாயும் பிள்ளையை முழு உடம்பாலும் அணைத்திருக்கிறார்கள். இந்தத் தாய்க்கு மட்டும் ஒரு தும்பிக்கை அளவுதான் அனுமதி. இதை யாரும் சொல்வதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

டம்போவுக்கு உயிர் கொடுத்தவர் பில் டைட்லா. நியூயார்க் பக்கம் யாங்கர்ஸில், உக்ரேனியக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் அதற்கு முன் வரைந்தவற்றைப் பார்த்தால் ஆச்சரியம் கூடும். ‘ஸ்நோ வைட்’டில் முத்தம் வாங்கியதும் முறைத்துக்கொண்டு போய், யாரும் பார்க்காத இடத்தில் உருகிவிடுகிற குள்ளன் க்ரம்பி அவர் கை. ‘பினோக்கியோ’வில் பொம்மலாட்டக்காரன் ஸ்ட்ராம்போலி அவர் கை. ‘ஃபேன்டசியா’வில் மலையுச்சியில் சிறகு விரிக்கும் செர்னபாக் என்ற கரிய பிசாசு, அதுவும் அவர் கை. முரட்டுத் தசைக்குப் பேர்போன ஓவியர் அடுத்துப் போய் ஒரு குட்டி யானையை எடுத்துக்கொண்டார். வீட்டில் தவழ்ந்து விளையாடிய தன் சின்ன மகனைப் பார்த்துத்தான் டம்போவை வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தெரியாமலே இருந்தாலும் படத்தில் அது தெரிகிறது. முன்பு வரும் குளியல் காட்சியில் டம்போ தாயின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடி ஒளியும் ஓட்டத்தைப் பாருங்கள். துண்டோடு துரத்தும் அம்மாவிடமிருந்து தப்பித்து ஓடும் இரண்டு வயதுப் பிள்ளை அது. யானையின் எடை அப்படியே இருக்க, ஓட்டம் மட்டும் பிள்ளையுடையது. இந்த இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவர எத்தனை பேரால் முடியும்?

படம் முடியும் தறுவாயில், 1941 மே மாதக் கடைசியில், டிஸ்னி ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம் வெடித்தது. அங்கே அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவரான டைட்லா, சக தொழிலாளர்களோடு வெளியே வந்து நின்றார். அதன் பிறகு அந்த ஸ்டுடியோவில் அவரால் பழையபடி ஒட்ட முடியவில்லை, 1943-இல் விலகினார். ‘டம்போ’வுக்கு இணையான ஒன்றைச் செய்ய அவருக்குப் பிறகு வாய்ப்பே அமையவில்லை. தாலாட்டுக் காட்சிக்குப் பக்கத்திலேயே, கூடாரத் துணியில் நிழலாகத் தெரியும் கோமாளிகள் முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கக் கிளம்பும் காட்சி இருக்கிறது. அது அந்த வேலைநிறுத்தத்தின் எதிரொலி என்று பலரும் படிக்கிறார்கள்.

இந்தப் படத்தில் என்னை உறுத்தும் இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். மழையில், இரவில், சர்க்கஸ் கூடாரம் எழுப்பும் காட்சி. ஓவியமாகப் பார்த்தால் அபாரம்: சுத்தியல் ஏறி இறங்குகிறது, மழை கோடு கோடாக விழுகிறது, யானைகள் கம்பங்களை இழுக்கின்றன. அந்த வேலையைச் செய்கிறவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்களுக்கு முகமே வரையப்படவில்லை. தாய் யானையின் முகத்தை மறைத்தபோது அவள் நமக்கு இன்னும் நெருக்கமானாள். இவர்கள் முகத்தை மறைத்தபோது ஆள்களே இல்லாமல் ஆக்கப்பட்டார்கள். அதே படம், அதே உத்தி. ஒன்றில் மறைப்பது மரியாதை, இன்னொன்றில் அவமானம். பின்னால் வரும் காக்கைக் கூட்டத்தின் சித்திரிப்பும் அமெரிக்காவில் நெடுநாளாகக் கண்டிக்கப்படுகிறது. அதன் தலைவனுக்கு வைத்த பெயரே நிறவெறிச் சட்டங்களின் பெயர். குழந்தைகளோடு பார்க்கும் பெரியவர்கள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, இதை நேராகப் பேசிவிடுவதே நல்லது. நல்ல காட்சியை ரசிப்பதற்குக் கெட்டதைப் பார்க்காததுபோல இருக்க வேண்டிய அவசியமில்லை.

திரைக்கு வெளியே இருந்த கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். 64 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 92,160. ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்துவது உண்டு. ஒரே ஃபிரேமுக்கு மூன்று நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் உண்டு. டைட்லா போன்றவர்கள் பென்சிலில் வரைந்ததை அப்படியே படம் பிடிக்க முடியாது. கண்ணாடி மாதிரியான செல்லுலாய்டு தாளில் மையால் நகல் எடுக்க வேண்டும். தாளைத் திருப்பி, பின்பக்கம் வண்ணம் தீட்ட வேண்டும். அந்தத் துறையில் பெரும்பாலும் பெண்கள். ரேகை படாமலிருக்க வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ஓவியர் தீட்டிய கோட்டின் தடிப்பு மெலிவு மாறாமல் மையில் இழுப்பார்கள். கோடு ஒரு முடியளவு நகர்ந்தால் திரையில் உருவம் நடுங்கும். 1937-இல் வந்த ‘ஸ்நோ வைட்’டில் இளவரசியின் கன்னம் பொம்மைபோல வெளிறியிருக்கிறது என்று பட்டபோது, தாள் தாளாகக் கன்னத்தில் சிவப்பு ஏற்றியவர்கள் இந்தப் பெண்கள்தான். தலை திரும்பினால் சிவப்பும் திரும்ப வேண்டும். ஒரு தாளில் கூடி அடுத்ததில் குறைந்தால் கன்னம் மினுக் மினுக்கென்று எரியும். அந்தப் படத்தில் அப்படி ஓர் இடத்தைக்கூட நான் கண்டதில்லை. அத்தனை வேலை செய்தும் படத்தின் டைட்டிலில் அவர்கள் பெயர் இடம்பெறவில்லை. பெண்களை ஓவியர்களாகப் பழக்க அந்த ஸ்டுடியோ அப்போது தயாராகவும் இல்லை. தாள்களில் பலவற்றைப் படம் எடுத்தபின் கழுவி மறுபடி பயன்படுத்தினார்கள். அந்தக் கைகள் செய்ததில் பெரும்பகுதி இன்று திரையில் மட்டுமே இருக்கிறது.

இன்னொரு கை டைரஸ் வாங்குடையது. சீனாவில் பிறந்து, சிறுவனாகத் தந்தையோடு அமெரிக்கா வந்தவர். மை வாங்க வசதியில்லாத தந்தை, தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துச் செய்தித்தாளில் எழுத்துப் பழக்கினார். தண்ணீர் காய்ந்தால் எழுத்து மறைந்துவிடும். மறைவதற்குள் கோடு சரியாக விழ வேண்டும். அந்தப் பையன்தான் வளர்ந்து 1942-இல் வந்த ‘பாம்பி’யின் காட்டுக்கு முகம் கொடுத்தார். அதுவரை காடு என்றால் இலை இலையாக வரைந்து குவித்துக்கொண்டிருந்தார்கள், மானே தெரியவில்லை. வாங் பழைய சீன ஓவிய மரபிலிருந்து வேறு வழி காட்டினார். நடுவில் வெளிச்சமும் நாலைந்து தெளிவான புல்லும். ஓரத்துக்குப் போகப் போகக் காடு பனியாகக் கரைந்துவிடும். மீதியை நம் மனம் வரைந்துகொள்ளும். தாய் மான் சுடப்படுவதைப் படம் காட்டுவதில்லை. ஓசை கேட்கிறது, பனி விழுகிறது, அவ்வளவே. காட்டாமலே காட்டத் தெரிந்த பின்னணி இருந்ததால்தான் அந்தக் காட்சி இத்தனை தலைமுறையை உலுக்குகிறது. வேலைநிறுத்தத்தை ஒட்டி ஸ்டுடியோ வாங்கை வெளியே அனுப்பிவிட்டது. அவர் 106 வயது வரை வாழ்ந்து 2016-இல் மறைந்தார்; முதிய வயதிலும் கையால் காற்றாடி செய்து கடற்கரையில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைய கணினி அனிமேஷனில் மயிர்க்கால் மயிர்க்காலாகக் காட்ட முடிகிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கும் உழைப்பு வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் காட்ட முடிகிற இடத்தில், எதைக் காட்டாமல் விடுவது என்ற கேள்விக்கு வலு குறைந்துவிடுகிறது. லூபிட்ச்சுக்கும் சாப்ளினுக்கும் டைட்லாவுக்கும் அந்தக் கேள்விதான் தொழில். முகத்தை எடுத்துவிட்டால் மீதி இருப்பது போதுமா என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். போதும் என்று கண்டுகொண்ட இடங்களே நான் மேலே சொன்னவை.

ரசிகமணி டி.கே.சி. ஒரு கம்பன் பாட்டை எடுத்தால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு சொல்லில் நின்று, அதன் பாவத்தை அனுபவித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார் என்பார்கள். இந்தப் படங்களையும் அப்படிப் பார்க்கலாம். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘பேபி மைன்’ காட்சியை ஒரு முறை பாட்டோடு பாருங்கள். அடுத்த முறை ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுத் தும்பிக்கையை மட்டும் பாருங்கள். பாட்டு இல்லாமலே தாலாட்டு நடப்பது தெரியும். ‘சிட்டி லைட்ஸ்’ படத்துக்கு மொழியே தடையில்லை. தாத்தா பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காரலாம். ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ கொஞ்சம் வசனம் கூடின படம், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். தபால் பெட்டி வரும்போது மட்டும் படிப்பதை விட்டுவிட்டுத் திரையைப் பாருங்கள், அங்கே படிக்க எதுவும் வராது. எதில் தொடங்குவது என்று கேட்டால் ‘டம்போ’வில் தொடங்குங்கள். ஒரு மணி நேரமும் நாலு நிமிடமும்தான் ஆகும்.